பழைய மாருதி 800: கார்புரேட்டரைச் சரிசெய்வதா, எம்.பி.எஃப்.ஐ.க்கு மாற்றுவதா? முழுமையான வழிகாட்டி

மத்தியான வெயிலில் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. காலையில் சோக்கை இழுத்துப் பிடித்தால்தான் கிளம்புகிறது. மைலேஜ் இறங்கிக்கொண்டே வருகிறது. வொர்க்ஷாப்பில் விட்டால், "கார்ப் போயிருச்சுண்ணே, பேசாம இன்ஜெக்ஷனுக்கு மாத்திருவோம்" என்கிறார்கள். கார்புரேட்டர் (பேச்சில் கார்ப்; பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறான வரிசையில் பணத்தை இறக்குகிறார்கள்.

கார்ப் பழுது என்று வரும் வண்டிகளில் பழுது பல நேரம் பாயிண்டிலும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை), வெடித்த வேக்குவம் ஹோஸிலும், தளர்ந்த பெட்ரோல் பம்ப்பிலும்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் அளந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீச்சும் அமைப்பு) மாட்டினால் பழைய கோளாறு அப்படியே இருக்க, புது வயரிங்கின் கோளாறும் கூடச் சேரும். எனவே இந்த வழிகாட்டியில் முடிவு ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் ஐந்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இங்கே சொல்வது எல்லாம் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஃப்8பி எஞ்சினுக்கு. 2000 வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. வருவதற்கு முன் இது இரட்டைப் பீப்பாய் (பிரைமரி, செகண்டரி என இரண்டு காற்றுவழி) கார்ப்போடுதான் வந்தது. அம்பாசடர், பத்மினிக்கும் படிகளின் வரிசை இதேதான், அளவுகள் மாறும்.

1. கையில் இருக்க வேண்டியவை

கம்ப்ரஷன் கேஜ், வேக்குவம் கேஜ், ஃபீலர் கேஜ், டைமிங் லைட், மல்டிமீட்டர். இந்த ஐந்தும் இல்லாமல் செய்வது எல்லாம் ஊகம். வேக்குவம் கேஜ் மலிவான பொருள். ஆனால் அது காட்டும் சங்கதியைப் பத்து வருட அனுபவக் காதுகூடச் சில நேரம் தவறவிடும்.

கூடவே 8, 10, 12 மி.மீ. ஸ்பேனர்கள், பித்தளை ஸ்க்ரூவைக் கடிக்காத நல்ல ஸ்க்ரூடிரைவர், கார்ப் கிளீனர் ஸ்ப்ரே, காற்று அடிக்க ஒரு கம்ப்ரஸர், ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில். கார்ப் வழியில் போனால் முழு கேஸ்கெட் கிட் வேண்டும்.

வேலை நடக்கும் இடத்தில் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் ஆவி தரையோடு தங்கும். கதவைத் திறந்து வையுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

2. முதலில் எஞ்சின் நலம்

எஞ்சினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்ப்ரஷன் பாருங்கள். பெடலை அழுத்தாமல் பார்த்தால் காற்று உள்ளே போகாமல் அளவு பொய்யாகக் குறையும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

மூன்று சிலிண்டருக்கும் இடையே (சதுர செ.மீ.க்கு) 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்றில் 10 கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தால் கார்ப்பா எம்.பி.எஃப்.ஐ.யா என்ற கேள்வியை மூடி வைத்துவிட்டு எஞ்சின் வேலையைப் பாருங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு எந்த வழியில் பெட்ரோல் கொடுத்தாலும் புகைதான் வரும்.

அடுத்து வால்வு கிளியரன்ஸ். எஞ்சின் ஆறியிருக்கும்போது சுமார் 0.15 மி.மீ. இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, ஐடிலிங் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) துள்ளும். அந்தத் துள்ளலை கார்ப் ஸ்க்ரூவில் அடக்கப் பார்த்துத்தான் பலர் மிக்சரை (பெட்ரோல், காற்றுக் கலவையை) கெடுத்து வைத்திருப்பார்கள்.

3. பிறகு கரண்ட்

பாயிண்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் விழுந்திருந்தால் உப்புத்தாளில் தேய்க்காதீர்கள். கண்டென்ஸரோடு சேர்த்து மாற்றுங்கள். பள்ளம் விழக் காரணமே பெரும்பாலும் கண்டென்ஸர்தான். பாயிண்டை மட்டும் மாற்றினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே பள்ளம் திரும்ப விழும்.

பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பிளக் வயரை இருட்டில் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது நீலப் பொறி வெளியே தாவினால் வயர் போய்விட்டது. பற்றவைப்பு வரிசை 1-3-2.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் அட்வான்ஸ் டயாபிரமை மறந்துவிடாதீர்கள். அதன் ஹோஸைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால், நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாபிரம் கிழிந்திருக்கிறது: பாதித் திறப்பில் பிக்கப் போகும், மைலேஜும் போகும். பழி மட்டும் கார்ப்புக்கு வரும்.

டைமிங்கை (பிளக்கில் பொறி விழும் நேரத்தை) கடைசியாகப் பிடியுங்கள். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையைத் திருப்பினால் வேலை இரட்டிப்பாகும்.

4. காற்று எங்கே இழுக்கிறது?

மேனிஃபோல்டில் (கார்ப்பிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) வேக்குவம் கேஜை மாட்டி ஐடிலிங்கில் முள்ளைப் பாருங்கள். மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம் உயரம்தான். அதனால் புத்தகத்தில் உள்ள சமவெளி அளவு அப்படியே பொருந்தும். முள் 16 முதல் 20 அங்குல பாதரச அளவுக்குள் ஆடாமல் நின்றால் நல்லது. தாழ்ந்து நிலையாக நின்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. சீராக ஒரே தாளத்தில் துடித்தால் ஒரு வால்வைச் சந்தேகியுங்கள்.

காற்று இழுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஆறிய எஞ்சினைக் கிளப்பி, கார்ப் கிளீனரைச் சிறு சிறு பீச்சலாக மூட்டுகளில் அடியுங்கள்: கார்ப் அடித்தளம், மேனிஃபோல்டு கேஸ்கெட், திராட்டில் தண்டின் (பெடலை மிதித்தால் காற்றுவழித் தகட்டைத் திருப்பும் தண்டு) இரு முனைகள், பி.சி.வி. ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ். அடித்த நொடியில் ஆர்.பி.எம். மாறினால் ஓட்டை அங்கேதான். எக்ஸாஸ்ட் சூடான பிறகு இதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

திராட்டில் தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அந்த கார்ப்பின் உடம்பு தேய்ந்துவிட்டது. கிட் மாட்டினாலும் ஐடிலிங் நிற்காது. ஆறாவது படியில் இது பெரிய எடை கொண்ட சங்கதி, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. பெட்ரோல் வந்து சேர்கிறதா?

கார்ப் உள்ள 800ல் கேம்ஷாஃப்ட் தள்ளும் டயாபிரம் பம்ப்தான். அதன் அழுத்தம் சுமார் 3 முதல் 4 பி.எஸ்.ஐ., அவ்வளவே. கார்ப்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவைத்து, செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் பெட்ரோல் தடித்த பீச்சலாக வர வேண்டும். நுரையோடு வந்தால் டேங்க் பக்க ஹோஸ் காற்று இழுக்கிறது. சொட்டினால் ஃபில்டர் அல்லது பம்ப்.

எஞ்சின் ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. வண்டியை ஓட்டாமல் பம்ப்பையும் ஆயிலையும் உடனே மாற்றுங்கள்.

வெயிலில் நின்று கிளம்பாத வண்டிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி பம்ப் தள்ள முடியாமல் போவது ஒன்று. கார்ப்பின் மிதவை அறையில் இருக்கும் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்து எஞ்சின் நனைந்துபோவது இன்னொன்று.

பிரித்தறிய வழி எளிது. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், திணறி கறும்புகையோடு கிளம்புவது நனைந்த எஞ்சின். அப்படியும் கிளம்பாமல், பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் அது ஆவி அடைப்பு. முதலாவதற்கு மிதவை மட்டத்தையும், கார்ப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள வெப்பத் தடுப்புத் தட்டையும் பாருங்கள். இரண்டாவதற்கு ரிட்டர்ன் லைன் அடைத்திருக்கிறதா, பெட்ரோல் ஹோஸ் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். ஹோஸ் மாற்றும்போது ரிட்டர்ன் லைனைத் தேவையில்லை என்று அடைத்துவிட்ட வண்டிகள் நிறைய. அந்த லைன்தான் சூடான பெட்ரோலையும் ஆவியையும் டேங்குக்குத் திருப்பி அனுப்பி லைனைக் குளிரவைக்கிறது.

6. இப்போது முடிவு

மேலே சொன்ன ஐந்தையும் முடித்தபின் வண்டி ஒழுங்காக ஓடினால், வேலை முடிந்தது. கார்ப்பைத் தொடவே வேண்டாம்.

இன்னும் கோளாறு இருந்தால் மூன்று வழி உண்டு: இருக்கும் கார்ப்பைப் பிரித்துச் சீர்செய்வது, எம்.பி.எஃப்.ஐ. 800 ஒன்றின் முழு அமைப்பையும் எடுத்து மாட்டுவது, ஸ்பீடுவினோ, மெகாஸ்குவர்ட் போன்ற தனி இ.சி.யூ. (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) வைத்துப் புதிதாக இன்ஜெக்ஷன் கட்டுவது.

தேர்வு செய்ய முதல் அளவுகோல், வண்டி நின்றுபோனால் யார் கை வைப்பார் என்பதுதான். உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் இரவு எட்டு மணிக்கு வண்டி நின்றால், அடைத்த ஜெட்டை (கார்ப்பில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகு) பக்கத்து ஊர் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரில் ஊதிக் கொடுப்பார். எம்.பி.எஃப்.ஐ. 800ம் நம் பக்கத்துக்குப் பழக்கமான வண்டிதான். கம்பெனி வயரிங் அப்படியே இருந்தால் ஸ்கேனர் உள்ள எவரும் பார்ப்பார்கள். தனி இ.சி.யூ. அப்படியல்ல. அதை டியூன் செய்தவரையும் லேப்டாப்பையும் விட்டால் வேறு யாருக்கும் அதன் உள்விவரம் தெரியாது. நீங்களே டியூன் செய்யக் கற்றுக்கொள்ளத் தயாராக இல்லையென்றால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஓட்டம். வாரம் இருமுறை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகும் வண்டிக்கு கார்ப் போதும். தினமும் திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு நெரிசலில் வந்துபோகிறது, அடிக்கடி கொடைக்கானல் ஏறுகிறது என்றால் எம்.பி.எஃப்.ஐ.யின் பலன் தெரியும்.

கொடைக்கானலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அது சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்ப்புக்கு இது தெரியாது. அதனால் கலவையில் பெட்ரோல் சுமார் 10 சதவீதம் கூடிப்போகிறது. பெருமாள்மலை தாண்டியதும் வண்டி மந்தமாகி ஐடிலிங்கில் கறும்புகை தள்ளுவது இதனால்தான். எம்.பி.எஃப்.ஐ.யில் மேப் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். அதற்காக கார்ப்பை மலை மேலே வைத்து டியூன் செய்துவிடாதீர்கள். வத்தலக்குண்டு இறங்கியதும் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறும்.

மூன்றாவது, கார்ப்பின் உடம்பு. திராட்டில் தண்டு ஆடாமல், அடித்தளம் வளையாமல் இருந்தால் கார்ப் வழியே சரி. உடம்பு தேய்ந்து, நல்ல நிலையில் இன்னொரு கார்ப்பும் கிடைக்கவில்லை என்றால் எம்.பி.எஃப்.ஐ. பக்கம் தராசு சாயும்.

மைலேஜ் கூடும் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். ஒழுங்காக இருக்கும் கார்ப்புக்கும் எம்.பி.எஃப்.ஐ.க்கும் உள்ள வித்தியாசம், மாற்றும் செலவைத் திருப்பிக் கொடுக்கப் பல வருடம் எடுக்கும்.

7. கார்ப் வழி: பிரிப்பதும் சேர்ப்பதும்

கழற்றும் முன் ஒவ்வொரு ஹோஸிலும் எண் ஒட்டி போட்டோ எடுங்கள். கார்ப்பைச் சுற்றி மெல்லிய வேக்குவம் ஹோஸ்கள் பல. இரண்டு இடம் மாறினாலும் ஐடிலிங் பிடிபடாது.

பிரிக்கும் முன்பே சோலினாய்டைச் சோதியுங்கள். சாவியைப் போட்டதும் கார்ப் பக்கத்தில் டிக் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். ஐடிலிங் வழியின் பெட்ரோலைத் திறந்துவிடும் வால்வு அது. அது செத்துப்போனால் ஐடிலிங் சுத்தமாக நிற்காது. பெடலை மிதித்தால் மட்டும் ஓடும். காரணம் தெரியாமல் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றி, வண்டி சிக்னலில் இரைந்துகொண்டே நிற்கும். பழுது என்னவோ ஒரு வயர் கனெக்ஷன்.

மிக்சர் ஸ்க்ரூவை வெளியே எடுக்கும் முன், மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பச் சேர்க்கும்போது தொடங்க வேண்டிய இடம் அதுதான். முட்டிய பிறகு இறுக்காதீர்கள். கூர்முனையில் வளையம் விழுந்துவிட்டால் அந்த ஸ்க்ரூ பிறகு பிடி கொடுக்காது.

ஜெட்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை சுத்த வட்டமாக, ஓரம் மழுமழுவென்று இருக்க வேண்டும். உள்ளே கீறலோ ஓரத்தில் சொட்டையோ தெரிந்தால் யாரோ முன்னால் கம்பி விட்டுக் குத்தியிருக்கிறார்கள். ஜெட்டின் எண் பெரும்பாலும் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. கம்பி 0.04 மி.மீ. அகட்டினாலே 100 எண் ஜெட்டில் எட்டு சதவீதம் கூடுதல் பெட்ரோல் போகும், மைலேஜ் அங்கேயே கரையும். குத்தின ஜெட்டைத் தூக்கிப் போடுங்கள். சுத்தம் செய்ய ஸ்ப்ரேயும் காற்றும் மட்டும்தான்; பிசின் இறுகியிருந்தால் இரவு முழுக்க கிளீனரில் ஊறட்டும்.

பிரைமரி, செகண்டரி ஜெட்களை ஒரே தட்டில் போடாதீர்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், எண் வேறு. மாறி மாட்டினால் நகருக்குள் பெட்ரோலைக் குடிக்கும், நாலுவழிச் சாலையில் இழுக்காது.

அடித்தளத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். வெயிலும் அதிக இறுக்கமும் சேர்ந்து அதை வளைத்திருக்கும். லேசான வளைவென்றால் கண்ணாடி மேல் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

சேர்க்கும்போது நீடில் வால்வும் அதன் இருக்கையும் ஜோடியாகவே மாறட்டும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. ஆக்சிலரேட்டர் பம்ப் டயாபிரமைப் புதிதாகப் போடுங்கள். லிவரைத் தட்டியதும் பீப்பாய்க்குள் நேரான கம்பிபோல் பெட்ரோல் பீச்ச வேண்டும். தாமதமாகப் பீச்சினால் வண்டி எடுக்கும்போது ஒரு தொய்வு தெரியும். வண்டியில் ஏற்றியபின் மிதவை அறைக் கண்ணாடியில் பெட்ரோல் மட்டம் வட்டக் குறிக்குள் நிற்கிறதா பாருங்கள்.

நட்டுகளைச் சிறு ஸ்பேனரால் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். நீள ஸ்பேனர் கையில் இருந்தால் தேவைக்கு மேல்தான் இறுக்குவோம்.

8. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு ஏற்ப

இந்த வண்டி செய்யப்பட்ட காலத்துப் பெட்ரோல் இப்போது இல்லை. இன்று பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் கலக்காத பழைய பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. அதே ஜெட்டில் ஓடினால் கலவை எட்டு சதவீதம்போல மெலிந்துவிடுகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள எம்.பி.எஃப்.ஐ. இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்ப்புக்கு நாம்தான் செய்ய வேண்டும்.

கணக்குப்படி துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூட, விட்டம் நான்கு சதவீதம் கூடினால் போதும். ஆனால் எடுத்த எடுப்பில் அவ்வளவு ஏற்றாதீர்கள். பிரைமரி மெயின் ஜெட்டை மட்டும் ஒரு படி, அதாவது 2.5 எண், ஏற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டி பிளக்கைப் பாருங்கள். வெளிர் பழுப்பு சரி. சுண்ணாம்பு வெள்ளை இன்னும் மெலிவு. உலர்ந்த கரி அதிகம்.

எத்தனால் பழைய நைட்ரைல் ரப்பரை ஊறவைத்து இளக்கும். அதனால் டேங்கிலிருந்து கார்ப் வரை எல்லா ஹோஸும், பம்ப் டயாபிரமும், நீடில் முனையும் எத்தனால் தாங்கும் ரகமாக, முடிந்தால் வைட்டான் ரப்பராக இருக்கட்டும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து, டேங்க் அடியில் தண்ணீர் பிரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு எடுக்கும் வண்டியில் முதல் வேலை, மிதவை அறையையும் ஃபில்டரையும் வடித்துப் பார்ப்பது.

9. எம்.பி.எஃப்.ஐ. என்றால், சாமான் வாங்கும் முன் பேப்பர்

மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சினையே மாற்றினால் எஞ்சின் நம்பர் மாறும். முன் அனுமதியும் ஆர்.சி.யில் திருத்தமும் இல்லாமல் ஓட்டக் கூடாது. உங்கள் வண்டி டிஎன் 58, 59, 64 எதில் பதிவோ அந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இந்த வண்டிகளெல்லாம் 15 வருடம் தாண்டியவை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும், அங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள். இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள்.

பழைய எஞ்சின், பழைய நம்பர் அப்படியே இருந்து மேலே உள்ள அமைப்பு மட்டும் மாறுவதாக இருந்தாலும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

10. எம்.பி.எஃப்.ஐ. வழி: மாற்றும் வரிசை

ஒரே வண்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுங்கள். சென்னை புதுப்பேட்டையிலோ காயலான் கடையிலோ இ.சி.எம். (கம்பெனி எஞ்சின் கம்ப்யூட்டர்) ஒன்றிலும் திராட்டில் பாடி இன்னொன்றிலும் வாங்கிச் சேர்த்தால் கப்ளர் பொருந்தினாலும் பின் வரிசை பொருந்தாது. முடிந்தால் அந்த வண்டி ஓடுவதைக் கண்ணால் பார்த்து, செக் எஞ்சின் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைவதையும் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத பூட்டு) உள்ள வண்டியென்றால் சாவியும் அதன் கண்ட்ரோலரும் சேர்ந்து வர வேண்டும். இல்லாவிட்டால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

எடுக்க வேண்டியவை: இன்டேக் மேனிஃபோல்டு, திராட்டில் பாடி, இன்ஜெக்டர் ரெயில், இ.சி.எம்., ரிலேக்களோடு முழு வயரிங், எல்லா சென்சாரும், டிஸ்ட்ரிபியூட்டர் இடத்தில் உள்ள பாகமும் காயிலும், ஆக்சிஜன் சென்சாரோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடு சென்சார், பம்ப்போடு பெட்ரோல் டேங்க். கட்டிங் பிளேயர் படக் கூடாது. வயரை வெட்டி எடுத்த செட்டை வாங்காதீர்கள். ஒட்டுப்போட்ட ஒவ்வொரு மூட்டும் மழைக்காலத்தில் ஒரு பழுது.

டேங்க்கோடு தொடங்குங்கள். பழைய டேங்கில் உள்ளே பம்ப் உட்கார இடமில்லை. வெளியே ஒரு பம்ப் மாட்டிச் சமாளித்தால், பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும். பெட்ரோலில் மூழ்கியிராத பம்ப் சூடேறிச் சீக்கிரம் சாகும்.

அடுத்து லைன். இங்கே அழுத்தம் 2.5 முதல் 3 பார், பழைய பம்ப்பைவிடப் பத்து மடங்கு. கார்ப் ஹோஸும் சாதா கிளிப்பும் இதைத் தாங்காது. பிளந்தால் பீச்சுவது சூடான எக்ஸாஸ்ட் மேல். இன்ஜெக்ஷன் ஹோஸும் ஓரம் மடித்த கிளிப்பும்தான் போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

பழைய மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றிய துளையை கேஸ்கெட்டோடு தகடு வைத்து மூடுங்கள். மறந்தால் ஆயில் வழியும். இன்ஜெக்டர்களை அல்ட்ராசானிக்கில் சுத்தம் செய்து, ஓ-ரிங் புதிதாகப் போட்டு, லேசாக எஞ்சின் ஆயில் தடவி நேராக இறக்குங்கள். உலர்ந்த ரிங் மடிந்து கிழியும்.

எர்த் வயர்கள் எஞ்சின் உலோகத்தில், பெயிண்ட் சுரண்டிய இடத்தில் உட்கார வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது இ.சி.எம். எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் 0.1 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சென்சார் போய்விட்டது என்று மாற்றும் பல சென்சார்கள் நல்லவை, எர்த்தான் போயிருக்கும். ஆல்டர்னேட்டர் 13.5 முதல் 14.5 வோல்ட் கொடுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பம்ப்புக்கு நேராகச் சாவியிலிருந்து கரண்ட் கொடுக்காதீர்கள். கம்பெனி அமைப்பில் இ.சி.எம். ரிலே வழியாகத்தான் பம்ப் ஓடும். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும். நேராகக் கொடுத்த வண்டி விபத்தில் மாட்டி ஹோஸ் அறுந்தால், சாவி இருக்கும்வரை பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்: சாவியைப் போட்டால் பம்ப் இரண்டு மூன்று வினாடி உறுமி நிற்கும். நான்கைந்து முறை அப்படிச் செய்து, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். கேஜில் அழுத்தம் நிற்கிறதா பாருங்கள். பிறகே செல்ஃப். பின்னால் எப்போது லைனைக் கழற்றினாலும், பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைகிறது என்று சென்சார் பொய் சொல்லும். இ.சி.எம். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும். புது அமைப்பு மாட்டியும் மைலேஜ் வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

11. ஓட்டிப் பார்ப்பது

இரண்டு வழிக்கும் சோதனை ஒன்றே. காலையில் ஆறிய ஸ்டார்ட். ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஐடிலிங். கார்ப்பில் ஆர்.பி.எம். 850 முதல் 950க்குள் நிற்க வேண்டும். கார்ப் வண்டியை இந்த நேரத்தில் புகைச் சோதனைக் கருவியில் மாட்டி மிக்சர் ஸ்க்ரூவைப் பிடியுங்கள். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். கார்பன் மோனாக்சைடை ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்தினால் ஐடிலிங்கும் மிருதுவாக இருக்கும், சோதனையிலும் தேறும்.

பிறகு மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை நாலுவழிச் சாலையில் நிலையான வேகம். திரும்பும்போது அழகர்கோவில் போய் பழமுதிர்சோலை மலைப்பாதை ஏறுங்கள். இரண்டாம் கியரில் இழுக்கும்போது திணறினால் மெயின் ஜெட் அல்லது பெட்ரோல் அழுத்தம். உச்சியில் அணைத்துப் பதினைந்து நிமிடம் வெயிலில் நிறுத்தி, மறுபடி கிளப்புங்கள். ஐந்தாவது படியில் விட்ட குறை எதுவும் இருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் ஓடிய பிளக்கைத்தான் பார்க்க வேண்டும். நகருக்குள் ஐடிலிங்கில் வந்து வீட்டில் கழற்றினால் கரி மட்டுமே தெரியும். அதனால் பிளக் ஸ்பேனரைக் கூடவே எடுத்துப் போய், ஏறி முடித்த இடத்திலேயே அணைத்து, சூடு தணிந்ததும் மூன்றையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே நிறம் என்றால் கலவையை மட்டும் கவனித்தால் போதும். ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால் ஜெட்டைத் தொடாதீர்கள். அந்த சிலிண்டரின் மேனிஃபோல்டு மூட்டில், அல்லது அதன் இன்ஜெக்டர் ஓ-ரிங்கில் காற்று இழுக்கிறது.